ஜிமேட் விலக்கு யாருக்கு?

அன்புள்ள சார்,

மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆறு வருடமாகச் சென்னையில் ஐடி வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் எம்பிஏ படிக்க ஆசை. எம்பிஏ சேர்க்கைக்கு எழுதும் ஜிமேட் தேர்வின் மாதிரித் தேர்வுகளில் 615-ஐத் தாண்ட முடியவில்லை. 700 இல்லாமல் விண்ணப்பிக்கவே கூடாது என்கிறார்கள் சீனியர்கள். இப்போது பல கல்லூரிகள் கேட்டால் ஜிமேட் விலக்கு தருகிறார்களாமே, அப்படியே விண்ணப்பித்துவிடலாமா? என் சிஜிபிஏ 7.1. எம்-2வில் (இரண்டாவது கணக்குப் பேப்பர்) ஒரு அரியர் இருந்தது, அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டேன்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

போகிறபோக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த அரியரில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

2020-ல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியபோது பல கல்லூரிகள் ஜிமேட், அதற்குப் பதிலாக எழுதும் ஜிஆர்இ ஆகிய தேர்வுகளின் கட்டாயத்தைத் தளர்த்தின. மையங்கள் திறந்த பிறகும் சில கல்லூரிகள் அதை விடவில்லை. எம்ஐடி ஸ்லோன், மிச்சிகன் ராஸ், வர்ஜீனியாவின் டார்டன் எல்லாம் விலக்குக் கோரிக்கையை ஏற்றுப் பரிசீலித்த கல்லூரிகள்தான். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் அந்தப் பக்கம் வரவில்லை.

இதில் கல்லூரிக்கும் ஆதாயம் உண்டு. யூஎஸ் நியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் போடும் கல்லூரித் தரவரிசையில், சேர்ந்த மாணவர்களின் ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண்களும் ஒரு கணக்கு. மதிப்பெண்ணே தராமல் சேருகிறவர் அந்தச் சராசரியைக் கீழே இழுக்க மாட்டார். நல்ல மதிப்பெண்ணோடு வருகிறவர் மேலே தூக்குவார். உதவித்தொகையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இதில் யார்மேல் பிரியம் அதிகம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விலக்குக் கேட்டால் என்ன பார்ப்பார்கள்? இந்த ஆளுக்குக் கணக்கு வருமா என்றுதான். அதை ஜிமேட் காட்டாவிட்டால் வேறு ஏதாவது காட்டவேண்டும்: கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸில் நல்ல மதிப்பெண், சிஎஃப்ஏ, சிபிஏ போன்ற நிதி, கணக்கியல் தகுதி, தினமும் எண்களோடு புழங்கும் வேலை. உங்கள் நண்பர்களில் சிஏ முடித்தவர் யாராவது இருந்தால் தைரியமாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் உங்கள் டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) எடுத்து, முதலில் கணக்குப் பேப்பர்களைத்தான் தேடுவார்கள். அங்கே எம்-2 உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்திய ஆண், இன்ஜினியர், ஐடி. (ஆண் என்று நானாக ஊகிக்கிறேன், பெண் என்றால் மன்னிக்கவும், போட்டி கொஞ்சம் குறையும்.) அந்தப் பிரிவில் வரும் விண்ணப்பங்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டக்கூடிய சில விஷயங்களில் தேர்வு மதிப்பெண் ஒன்று. அதை வலியப்போய்த் துறப்பானேன்?

உங்கள் சீனியர்கள் சொல்லும் 700 பழைய ஜிமேட்டின் கணக்கு. 2023 நவம்பரில் தேர்வே மாறிவிட்டது. இப்போது 205 முதல் 805 வரை, இரண்டேகால் மணி நேரம், ஜியோமெட்ரி கிடையாது. பெர்சென்டைல்படி, அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்துகிறோம் என்று பார்த்தால் பழைய 700-க்குப் பக்கத்தில் வருவது புதியதில் 645. உங்கள் 615 அவ்வளவு தூரத்தில் இல்லை. பழைய புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் ஒரு ஜிஆர்இ மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். அதுவும் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கணக்குப் பகுதியில் திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள். ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் அது இல்லை. எம்பிஏ கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கின்றன.

எம்-2வுக்குத் தனியாக ஒரு மருந்து வேண்டும். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனில் கோர் என்று ஒரு படிப்பு நடத்துகிறது: பிசினஸ் அனலிட்டிக்ஸ், எகனாமிக்ஸ், அக்கவுண்டிங். செலவுதான். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பேப்பருக்குப் பக்கத்தில் இன்றைய மதிப்பெண் ஒன்றை வைக்கலாம்.

இதற்கெல்லாம் பிறகும் விலக்குதான் என்று முடிவெடுத்தால், சீக்கிரமே கேளுங்கள். மறுத்துவிட்டால் தேர்வு எழுதக் கால அவகாசம் வேண்டும். கல்லூரிகள் விண்ணப்பங்களைச் சுற்றுச் சுற்றாக வாங்குகின்றன; இரண்டாம் சுற்று பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். மூன்றாம் சுற்றுக்குத் தள்ளிப்போட்டால் விசா வேலைக்கு நாள் போதாமல் போகலாம். அப்புறம், ஜிமேட் விலக்கு டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பொருந்தாது. அதற்குத் தனி விதி. கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.