இந்த மாதமே டெபாசிட் கட்டினால் தள்ளுபடியாம்: இங்கிலாந்து போர்டிங் ஸ்கூலா, கொடைக்கானலா?

கேள்வி: பல வருடங்களாகத் தோகாவில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, இங்குள்ள இந்தியப் பள்ளியில் சிபிஎஸ்இ எட்டாம் வகுப்பு. ஒரு ஹோட்டலில் நடந்த கல்விக் கண்காட்சியில், இங்கிலாந்து போர்டிங் ஸ்கூல் ஒன்றை ஏஜென்ட் காட்டினார். ஆண்டுக்கு 40,000 பவுண்ட், இந்த மாதத்துக்குள் டெபாசிட் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, அங்கே படித்தால் பிறகு யுனிவர்சிட்டியிலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான கட்டணம்தான் என்கிறார். அனுப்புவதென்றால் கொடைக்கானலோ ஊட்டியோ போதும், மதுரையில் அம்மா இருக்கிறார் என்கிறார் மனைவி. எதைப் பார்த்து முடிவு செய்வது? — ஒரு வாசகர், தோகா

பதில்: இந்த மாதம் கட்ட வேண்டாம். தள்ளுபடி போனால் போகட்டும்.

ஏஜென்ட் கடைசியாகச் சொன்னது தவறு, அதை முதலில் தீர்த்துவிடுவோம். படிப்பதற்காகவே வந்து தங்கிய வருடங்கள் அங்கே உள்ளூர்க் கட்டணத் தகுதிக்குக் கணக்கில் வராது. ஐந்து வருடம் போர்டிங்கில் இருந்தாலும் யுனிவர்சிட்டி வாசலில் உங்கள் மகள் வெளிநாட்டு மாணவிதான். ஏஜென்டுக்குப் பள்ளியிடமிருந்து கமிஷன் வரும். அது குற்றமில்லை, வழக்கம்தான். ஆனால் கமிஷன் தராத பள்ளி எதுவும் அவர் மேசைக்கு வந்திருக்காது.

அடுத்து அந்த 40,000. 2025 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி உண்டு, போர்டிங் கட்டணத்துக்கும் சேர்த்து. ஏஜென்ட் சொன்னது வரிக்கு முந்தைய தொகை என்றால் 48,000 ஆகிவிடும். ரூபாயில் அரைக் கோடிக்கு மேல். விசாவோடு, அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்கான ஹெல்த் சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்ட், விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். இதெல்லாம் போக, கார்டியன் செலவு.

கார்டியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கண்காட்சிகளில் யாரும் வாய் திறக்காத விஷயம் இது. அங்கே வருடத்துக்கு மூன்று டேர்ம். ஒவ்வொரு டேர்முக்கும் நடுவில் ஹாஃப் டேர்ம் விடுமுறை வரும், பல பள்ளிகளில் அப்போது விடுதியைப் பூட்டிவிடுவார்கள். சில வார இறுதிகளிலும் அப்படித்தான். அந்த நாட்களில் பிள்ளை எங்கே தூங்கும்? பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் பிரிட்டனில் ஒரு கார்டியன் வேண்டும் என்று பெரும்பாலான பள்ளிகள் கேட்பது இதற்காகத்தான். சொந்தக்காரர் யாரும் இல்லையென்றால் கார்டியன் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அவர்கள் ஏதோ ஒரு குடும்பத்தில் தங்க வைப்பார்கள். அந்த நிறுவனத்துக்கு, கார்டியன் நிறுவனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏஜிஸ் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா கூடப் போய் இருக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கான பெற்றோர் விசா 4 முதல் 11 வயது வரை உள்ள, டே ஸ்கூலில் படிக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான்.

பள்ளியின் தரத்தைத் தெரிந்துகொள்ள ஏஜென்ட் தேவையில்லை. இங்கிலாந்துத் தனியார் பள்ளிகள் பலவற்றை ஐஎஸ்ஐ என்ற அமைப்பு சோதிக்கிறது, அறிக்கைகள் இணையத்தில் இலவசம். 2023 செப்டம்பரிலிருந்து "மிகச் சிறப்பு" போன்ற ஒற்றைச் சொல் மதிப்பெண் கிடையாது. விதிமுறைகளை நிறைவு செய்கிறதா இல்லையா என்றுதான் எழுதுகிறார்கள். போர்டிங், குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பகுதிகளை மட்டுமாவது படியுங்கள்.

இருந்தாலும் என் பெரிய பயம் பள்ளியைப் பற்றியது அல்ல, உங்கள் வேலையைப் பற்றியது. வளைகுடா வேலை எத்தனை நாளைக்கு என்று யாரும் எழுதித் தருவதில்லை. பள்ளியோ எழுதி வாங்கிக்கொள்ளும். பொதுவாக, பிள்ளையை நிறுத்த ஒரு முழு டேர்ம் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், தவறினால் அந்த டேர்ம் கட்டணத்தைக் கட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களிடம் ஒரு டேர்ம் கட்டணத்தையே டெபாசிட்டாகக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. சரி, பணம் போகட்டும். ஜிசிஎஸ்இ (அங்கே 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) படிப்பின் நடுவில் திரும்பி வந்தால் பெண்ணை எங்கே சேர்ப்பீர்கள்? சிபிஎஸ்இ-யில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. பத்தாம் வகுப்பில் நேராக நுழைவது எளிதல்ல.

ஆக, ஒப்பந்தத்தை வாங்கி, நோட்டீஸ், டெபாசிட், ஆண்டுதோறும் கட்டண உயர்வு ஆகிய மூன்று பிரிவுகளையும் படித்த பிறகுதான் பேச்சு. கம்பெனி தரும் கல்விப்படி கத்தாருக்கு வெளியே உள்ள பள்ளிக்கும் செல்லுமா என்பதை ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மனைவி சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. பாட்டி மதுரையில் இருப்பது சின்ன விஷயமில்லை; ராத்திரி காய்ச்சல் என்றால் காலையில் போய் நிற்க ஆள் இருக்கிறது. ஆனால் கொடைக்கானல், ஊட்டி என்று ஊரைச் சொன்னால் போதாது. 1858-இல் தொடங்கிய, ஊட்டி அருகே உள்ள லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் சிபிஎஸ்இ. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம். செலவும் வேறு, பிறகு போகும் வழியும் வேறு. இந்தியாவில்தான் கல்லூரி என்றால் சிபிஎஸ்இ-யை விட்டு விலக எனக்குக் காரணம் தெரியவில்லை. சேர்ப்பதானால் ஒன்பதின் தொடக்கத்திலேயே சேருங்கள். பழைய பெயரைப் பார்த்து விடுதியைப் பார்க்காமல் விடாதீர்கள். தமிழ்நாட்டில் பெண்கள், சிறார் விடுதிகளுக்கென்று 2014-இல் தனிச் சட்டமே வந்தது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வார்டன், இரவில் யார் இருப்பார், போனை எப்போது தருவார்கள் என்பதெல்லாம் நீச்சல் குளத்தைவிட முக்கியம்.

மூன்றாவது வழியும் உண்டு. பத்து வரை தோகாவிலேயே படிக்கட்டும். 16 வயதில் இங்கிலாந்துதான் என்று தோன்றினால் இரண்டு வருட ஏ லெவலுக்கு (நம்ம பிளஸ் டூ மாதிரி) அனுப்பலாம். ஐந்து வருடச் செலவு இரண்டு வருடச் செலவாகக் குறையும், பெண்ணும் கொஞ்சம் பெரியவளாகியிருப்பாள். அவளுக்கு என்ன விருப்பம் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, கேட்டீர்களா?

எங்கே சேர்த்தாலும் பணம் பள்ளியின் சொந்தக் கணக்குக்கே போகட்டும், ஏஜென்ட் கணக்குக்கு வேண்டாம். அப்புறம், விடுமுறைக்கெல்லாம் மதுரைக்கே போய்விடாமல் தோகாவுக்கும் வந்து போகட்டும். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அவளுடைய கத்தார் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குச் சிக்கல் வரும்.