உலகம் சுற்ற ஒரே டிக்கெட்டா, தனித்தனியாகவா?

எட்டு மாதப் பயணத்துக்கு எல்லா விமானங்களையும் முன்பே பதிவு செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதையில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு போன்ற விமான நிறுவனக் கூட்டணிகள், பல விமானங்களை ஒன்றாகச் சேர்த்த உலகச் சுற்று டிக்கெட் விற்கின்றன. ஓராண்டு வரை செல்லும். ஒன்வேர்ல்டின் அப்படியொரு டிக்கெட்டான ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரரில் எத்தனை கண்டங்கள் என்பதை வைத்து விலை. அதிகபட்சம் 16 பயணத் துண்டுகள் (ஒவ்வொரு விமானமும் ஒரு துண்டு). கிழக்கோ மேற்கோ, ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். தேதியை மாற்றுவது பெரும்பாலும் எளிது, ஊரை மாற்றினால் கட்டணம். முக்கியமாக, நடுவில் ஒரு விமானத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் மீதி எல்லாமே ரத்தாகலாம். பேருந்தில் போய்விடலாமே என்று அந்த நேரத்தில் தோன்றும், ஜாக்கிரதை!

தென் அமெரிக்கா, தெற்கு பசிபிக் என்று விலை கூடிய தடங்கள் இருந்தால் இந்த டிக்கெட் லாபம். தென்கிழக்கு ஆசியா, ஐரோப்பா என்றால் மலிவு விமானங்களே போதும், ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு. தனித்தனி டிக்கெட்டில் ஒரு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையது.

நானாக இருந்தால் கடல் தாண்டும் நீண்ட பயணங்களை மட்டும் முதலில் பதிவு செய்வேன், மற்றதை அங்கங்கே பார்த்துக்கொள்வேன். சரி, ஒன்று மறந்துவிட்டேன்: சில நாடுகளுக்குப் போகும்போது, அங்கிருந்து வெளியேறும் டிக்கெட்டைக் காட்டாவிட்டால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.