ஏரிக்கரை நிலம்: விற்கவா, வாடகைக்கு விடவா?

கேள்வி: ஏரியை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு நிலமும் அதில் ஒரு பழைய வீடும் இருக்கின்றன. அப்பா காலமான பிறகு அம்மா, அண்ணன், தங்கை, நான் என நான்கு பேருக்கும் அதில் பங்கு. அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். தங்கைக்கு அதை நாள் வாடகைக்கு விட ஆசை. நண்பர் ஒருவரோ கடன் வாங்கி நாலு காட்டேஜ் கட்டச் சொல்கிறார். எனக்கு ரியல் எஸ்டேட்டில் அரிச்சுவடி கூடத் தெரியாது. எதில் இறங்கலாம்?

பதில்: நண்பரின் யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தவணை மாதாமாதம் வரும், விருந்தாளிகள் அப்படி வரமாட்டார்கள்.

முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. பொதுவாக எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போடாமல் முழுச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

அப்புறம், நல்ல மழை ஓய்ந்த கையோடு ஒரு நடை நிலத்துக்குப் போய் வாருங்கள். வீட்டின் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு, தண்ணீர் ஏறி நின்ற தடமாகப் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? பழைய எல்லைக்கல் தண்ணீருக்குள் நிற்கிறதா? கையோடு ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பல நாடுகளில் ஏரியின் படுகை அரசுக்குச் சொந்தம். கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் கட்டக்கூடாது என்ற விதியும் இருக்கும். அந்த விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடென்றால் பல இடங்களில் அப்படியே இருக்க விடுவார்கள். ஆனால் இடித்தால் அதே இடத்தில் மறுபடி கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். அதனால் விசாரிக்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று யாராவது சொன்னால் அசந்துவிட வேண்டாம். எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் அது சுமார் 26 சதவீதம் ஆகிவிடுகிறது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் வெள்ளச் சேதம் சேராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கையின் ஆசை தப்பில்லை, கணக்குதான் கொஞ்சம் கடினம். வெள்ளி, சனி இரவுகளை எண்ணினால் ஆண்டுக்கு 104 தான் வரும். அதில் பாதி நிரம்பினால் 52 இரவு. அந்த வருமானத்தில் துப்புரவு, துணி வெளுப்பு, முன்பதிவுத் தளத்தின் கமிஷன், காவலாள் சம்பளம் எல்லாம் போக மிச்சத்தைப் பாருங்கள். நாலு பேர் வாழ்ந்த வீட்டில் பன்னிரண்டு பேரைத் தங்கவைத்தால் செப்டிக் டேங்க் தாங்காது. கழிவு கசிந்து ஏரியில் கலந்தால் பாசி மண்டும், நாற்றமடிக்கும். எதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களோ அதுவே கெட்டுப்போகும். தண்ணீரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம்.

அண்ணனுக்குப் பணம் தேவையென்றால் அவர் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் வேண்டியவராக இல்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் விலை சொல்லட்டும். எப்படியும் ஒரு துண்டை விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால் பின்பக்க நிலத்தைக் கொடுங்கள். இந்த மாதிரி நிலத்துக்கு விலை வருவதே தண்ணீரைத் தொடும் நீளத்தால்தான். கரையைக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் மனை.

என்னைக் கேட்டால், ஒழுகும் கூரையை மட்டும் சரிசெய்து ஒரே குடும்பத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். பெரிதாக எதுவும் கிடைக்காது. ஆனால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிடலாம். பராமரிப்புக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதும் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

ஒரு சந்தேகம். அண்ணன், தங்கை, நண்பர் வரை சொன்னீர்கள், அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே? அவர் கையெழுத்தும் வேண்டும்.