முளைகட்டிய பயறை வேகவைத்தால் சத்து போய்விடுமா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. வீட்டில் முளைகட்டினால் பிசுபிசுவென்று ஆகி நாற்றம் அடிக்கிறது, என்ன செய்வது? மார்க்கெட்டில் விற்பதை வாங்கலாமா? வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும், பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா? நீங்கள் மும்பைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது, மழைக்காலத்தில்தான் முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் இரண்டுக்கும் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம், தேங்கிய தண்ணீரும் காற்றோட்டம் இல்லாததும். ஊறின பயறு மூச்சு விடத் தொடங்கிவிடும். அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் புளித்துத்தான் போகும். 8 மணி நேரம் ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசி, வடிதட்டில் போட்டு நன்றாக வடியவிடுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். துணியில் ஈரம் இருக்கலாம், சொட்டக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் இங்கே காற்றிலேயே அத்தனை ஈரம் இருக்கும், துணியை மறுபடி நனைக்கத் தேவையில்லை. ஆனால் காலையும் மாலையும் பிரித்து அலசி வடித்துக் கட்டுவதை விடாதீர்கள். ஊறாமல் கெட்டியாகவே கிடக்கும் மணிகளைப் பொறுக்கிவிடுங்கள், மட்கியில் (நரிப்பயறு) அது நிறைய வரும், பல்லுக்கு ஆகாது. பாதிக்கு மேல் முளைக்கவே இல்லையென்றால் பயறு பழைய சரக்கு, கடையை மாற்றுங்கள். முளை வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இனி என் கதை. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. ஊரில் பயறு என்றால் சுண்டல், கொழுக்கட்டைப் பூரணம், அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். முளைகட்டச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு மராத்தி மாவுஷி. இங்கே மட்கி என்று சொல்வது நம் நரிப்பயறு. அதை முளைகட்டி உசல் என்ற மசாலாக் கறி வைப்பார்கள், அதில் காரக் குழம்பும் ஃபர்சாண் என்கிற மிக்சரும் சேர்த்தால் மிசல். வால் என்று ஒரு மொச்சை வகை இருக்கிறது. அதை முளைகட்டி, வெந்நீரில் போட்டு, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து, ஆமசூலும் (புளிப்புக்குப் போடும் காய்ந்த கோக்கம்) வெல்லமும் தேங்காயும் போட்டு பிர்டே என்ற கறி செய்வார்கள். அம்மாவுக்கு அது உடனே கைவந்துவிட்டது. நம் ஊரில் மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கம்பருப்பு எடுப்பதும் அதே வேலைதானே.

அம்மா அதைத் தன் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டார். காலையில் இட்லி எடுத்து முடித்ததும் அதே பானையில், அதே தட்டில் துணி விரித்து முளைப்பயறைப் பரப்பி ஆவியில் வைப்பார். பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். கடுகு, வரமிளகாய், கருவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவி, இறக்கினபிறகு எலுமிச்சை பிழிவார். பட்டறைக்குப் போகிறவர்களுக்கு இட்லியோடு அதையும் கட்டிக் கொடுத்தார். எங்கள் பள்ளிக்கூடக் கட்டணம் அதிலிருந்துதான் வந்தது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஆரோக்கிய உணவு பற்றிப் பேச ஒருவரை அழைத்திருந்தார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் முளைப்பயறு பற்றிப் பேசும்போது அம்மா எழுந்து, தனக்குத் தெரிந்த இந்தியில், நான் ஆவியில் வேகவைப்பேன் என்று சொன்னார். உடனே அவர், வேகவைத்தால் அது செத்த சாப்பாடு, சத்து முழுவதையும் சாக்கடைக்கு அனுப்புகிறீர்கள் என்றார். கூட்டம் சிரித்தது. அம்மா உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து அப்பாவுக்குப் பச்சையாகவே கொடுக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. கொஞ்ச நாளில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. பயறுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டவர், இந்த வயதில் பச்சை வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள் என்றார்.

‘நான் வருடக்கணக்காகப் பச்சையாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று யாராவது வருவார்கள். நல்லது, சாப்பிடுங்கள். நான் ஊட்டச்சத்து படித்தவள் இல்லை, ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். ஆனால் அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பயறு முளைக்க வேண்டிய சூடும் ஈரமும் கிருமி பெருகவும் தோதானவை. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை விதையோடே வந்திருந்தால் எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஈ.கோலை பரவி 3000 பேருக்கு மேல் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளைப்பயறைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது.

அப்படியானால் வேகவைக்கும்போது எதை இழக்கிறோம்? முக்கியமாக வைட்டமின் சி. காய்ந்த பயறில் அது அநேகமாக இருக்காது, முளைக்கும்போதுதான் உண்டாகிறது. நீளமாக முளைவிட்ட பாசிப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 13 மில்லிகிராம். சூட்டில் அதில் ஒரு பங்கு குறையும், ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அதே 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அம்மா கடைசியில் பிழிகிற எலுமிச்சையிலும் இருக்கிறது. புரதம், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் ஆவியில் வைத்தால் எங்கும் ஓடிவிடாது. இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும், வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளும் முளைகட்டும்போதே குறைந்துவிடுகின்றன. அதற்கப்புறம் வேகவைப்பதால் அந்த நன்மை திரும்பிப் போகாது. புரதம் செரிக்கவும் வேகவைத்தால்தான் சுலபம்.

முளைகட்டினால் புரதம் இரண்டு மடங்காகும் என்று சொல்கிறார்களே, அதையும் நம்பாதீர்கள். காய்ந்த பாசிப்பயறில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம். முளைத்த பயறில் தண்ணீர் ஏறியிருப்பதால் அதே எடைக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இந்தி சரளமாக வராத பெரியவர்கள் குடியிருப்புக் கூட்டத்தில் வாய் திறந்தால் ஏன் யாரும் காது கொடுப்பதில்லை? மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நாளாயிற்று என்று அம்மா இரண்டு கூட்டத்தில் கேட்டார். கூட்டக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அதையே ஆங்கிலத்தில் வேறொருவர் கேட்டதும் ஆள் வந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் உழைத்தவர் அம்மா. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மார்க்கெட் விஷயம். மாட்டுங்கா, சயான், தாதர் பக்கமெல்லாம் காலையில் பெண்கள் கூடையில் மட்கியும் மூங்கும் (பாசிப்பயறு) வாலும் முளைகட்டி விற்பார்கள். பாவ் கிலோ, அதாவது கால் கிலோ, கேட்டு வாங்கலாம். கையில் எடுத்தால் உதிரியாக இருக்க வேண்டும், முகர்ந்தால் பச்சை வாசனைதான் வர வேண்டும். வாங்கின அன்றே அலசி வேகவைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் நீர் கோத்து நிற்பதை எந்தக் கடையிலும் எடுக்காதீர்கள்.

ராஜ்மாவை மட்டும் முளைகட்டினாலும் ஆவியில் வைத்துச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள நச்சுப் புரதம் அடங்க நன்றாகக் கொதித்து வேக வேண்டும். நர்சரியிலும் விதைக் கடையிலும் விதைப்பதற்கென்று விற்கும் பயறையும் வாங்காதீர்கள், பூச்சி மருந்து தடவியிருப்பார்கள். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் முழுப் பயறே போதும்.