கொதிக்க வைத்தால் ஈயம் போகுமா?

கேள்வி: குசினிக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். ஈயம் லீற்றருக்கு 24 மைக்கிரோகிராம் என்று வந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு. கொதிக்க வைத்துத்தான் பாவிக்கிறோம். கரி வடிகட்டியும் பூட்டினால் போதுமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: போதாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 மைக்கிரோகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் ஆவியாகாது. 10 லீற்றர் வற்றி 9 லீற்றரானால் உங்கள் 24 ஏறக்குறைய 27 ஆகிவிடும். குழந்தைக்குப் பால்மா கரைக்க இன்றைக்கே வேறு தண்ணீர் எடுங்கள். குளிப்பாட்ட இதே தண்ணீர் போதும். தோல் வழியே ஈயம் போவது மிகக் குறைவு. சாதாரண கரி வடிகட்டி எண்ணெய் மணத்தைப் பிடிக்கும், கரைந்த ஈயத்துக்கு அதை நம்ப முடியாது. தேத்தாங்கொட்டையும் கலங்கலைத்தான் படிய வைக்கும்.

எதையும் வாங்கமுன் ஈயம் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரவு முழுக்கத் திறக்காத குழாயில், விடிய வரும் முதல் தண்ணீரை ஒரு லீற்றர் போத்தலில் பிடியுங்கள். இன்னொரு போத்தலைப் பிளாஸ்டிக் வாளியால், குழாய்க்குத் தண்ணீர் வரும் கிணற்றிலிருந்து நேரே அள்ளி நிரப்புங்கள். போத்தல்களை ஆய்வுகூடத்திலேயே வாங்குங்கள். முதலாவதில் மட்டும் ஈயம் கூடவென்றால் குற்றவாளி பெரும்பாலும் பித்தளைக் குழாய் அல்லது ஈயப் பற்றுவைப்பு. அதை மாற்றினால் வேலை முடிந்தது.

இரண்டிலும் இருந்தால் ஆர்.ஓ. வேண்டும், அதாவது மெம்பிரேன் என்ற மிக நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிக்கும் கருவி. குசினியில் ஒன்று போதும், குடிக்கவும் சமைக்கவும். ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிக்கும். தோட்டத்து உரத்தால் சேரும் நைத்திரேற்றும் நன்றாகக் குறையும்.

ஆனால் நம் யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படைபடையாக ஒட்டுகிறதே, அதே கல் மெம்பிரேனிலும் ஏறி அடைக்கும். ஆகவே முன்னால், சுண்ணாம்பைப் பிடிக்க, உப்பால் புதுப்பிக்கும் மென்னீராக்கி, பிறகு 5 மைக்கிரோன் வடிகட்டி, கரி, கடைசியில் மெம்பிரேன். 5 மீற்றர் உயரத் தாங்கி தரும் அழுத்தம் அரை பார்தான். மெம்பிரேனுக்கு 3 பாராவது வேண்டும். அழுத்தப் பம்பி உள்ளதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கழிவு நீரை மலசலகூடத்துக்கு விடுங்கள்.

விற்பவர் காட்டும் ரி.டி.எஸ். மீற்றர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், ஈயத்தை அளக்காது. மெம்பிரேன் நலமா என்று மட்டும் சொல்லும். உள்ளே 800, வெளியே 60 என்றால் நல்லது. வெளியே 160ஐத் தாண்டினால் மெம்பிரேனை மாற்றுங்கள். பூட்டிய பிறகு வடிகட்டிய தண்ணீரில் ஒரு போத்தலை ஈயத்துக்கென்றே திரும்பப் பரிசோதியுங்கள். அந்த எண் 10க்குக் கீழே வந்தபின் குழந்தைக்குக் கொடுங்கள்.