வால்வு ஆபரேஷனுக்கு முன் சாயங்காலக் காய்ச்சல்

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. வால்வு மாற்ற கோவையில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சைப் பிளந்து இதயத்தையே நிறுத்திவிடுவார்களாமே? மலைக்குளிர் ஒத்துக்கொள்ளுமா? உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்குமாம், கீரையே தொடக் கூடாதாம், யூடியூபில் சொல்கிறார்கள். பத்து நாளாகச் சாயங்காலம் லேசான காய்ச்சல் வேறு. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தால் தணிகிறது. தேதியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காய்ச்சல்தான் என்னைக் கலவரப்படுத்துகிறது. கெட்டுப்போன வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாமல் பத்து நாள் காய்ச்சல் அடித்தால், வால்வில் கிருமி இல்லை என்று உறுதியாகும்வரை இருப்பதாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம். சொத்தைப் பல், ஈறு வழியாக ரத்தத்தில் கலக்கும் கிருமி நல்ல வால்வில் எளிதில் தங்காது. தழும்பேறிய வால்வில் ஒட்டிக்கொண்டு கொத்தாக வளரும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இதயத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது தொடரட்டும். கடையில் கொடுத்தது ஆன்டிபயாடிக்காக இருந்தால், காய்ச்சலை அமுக்கிவிட்டுக் கிருமியை உள்ளேயே விட்டுவைக்கும். அதற்குப் பிறகு ரத்தம் எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைத்தால் ஒன்றும் வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்றே தெரியாமல் மருந்து ஏற்ற வேண்டிவரும். இத்தனை பெரிய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவருக்கு, ஒரு போன் செய்து கேட்காமல் கடை மாத்திரை கொடுப்பீர்களா?

அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே அம்மாவைக் கோவைக்கு அழைத்துப் போங்கள். வெவ்வேறு இடத்தில் ஊசி குத்தி இரண்டு மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள், எக்கோ (இதய ஸ்கேன்) பார்ப்பார்கள். பல் டாக்டரிடமும் காட்டச் சொல்வார்கள். சொத்தை இருந்தால் புது வால்வு வைப்பதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். கிருமி இருப்பது தெரிந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம்வரை நரம்பு வழியாக மருந்து ஏறும். தேதியைத் தள்ளுவதா, முன்னால் கொண்டுவருவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களல்ல. இதற்கிடையில் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதயத்தை நிறுத்துவார்கள், உண்மைதான். அந்த நேரம் முழுக்க ஓர் இயந்திரம் ரத்தத்தை வாங்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளைக்கு ரத்தம் போவது நிற்பதில்லை. புது வால்வைத் தைத்து முடித்ததும் இதயத்தை மறுபடி துடிக்கவைப்பார்கள். நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியது ஐசியுவில் அம்மாவை முதலில் பார்க்கும்போதுதான். முகம் சற்று உப்பியிருக்கும். வாயில் ஒரு குழாய், நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடியக் குழாய்கள். கூப்பிட்டால் கண் திறப்பார், பேச வராது. தொண்டையில் குழாய் இருப்பதால் அப்படி. எடுத்ததும் குரல் வரும், சில நாள் கரகரக்கும். இதையெல்லாம் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் கண் விழிப்பவர்கள்தான் மிரண்டு போகிறார்கள். ஆபத்தே இல்லாத ஆபரேஷன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வால்வோடு மேடேறிக் கொழுந்து சுமப்பது அதைவிட ஆபத்து.

குளிர், சத்தம், கீரை மூன்றையும் மறந்துவிடுங்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலேயே வாழ்ந்தவர், தேறியபின் கோத்தகிரிக்கே திரும்பலாம். டிக் டிக் கேட்டால் உலோக வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். கீரை வழக்கமான அளவில் சாப்பிடட்டும். ஒரு வாரம் குவித்துவிட்டு மறுவாரம் அடியோடு விடுவதுதான் கூடாது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையின் வேலை அதனால் ஏறி இறங்கும். நெஞ்செலும்பு கூடிவர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கூடை தூக்கக் கூடாது.

உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. மைட்ரல் வால்வுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனையைக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ எங்கே செய்துகொள்ளலாம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். கை கால் வலி என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கவே கூடாது. இந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும்.