தடவினால் அடங்குகிறது, விட்டால் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 56. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளது. சில மாதங்களாகத் தொடை இடுக்கிலும் ஆணுறுப்பின் முன்தோலிலும் தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது. கணுக்காலுக்கு மேலே பழுப்புத் திட்டுகளும் இருக்கின்றன. இரத்தம் கெட்டுவிட்டதா டாக்டர்?

பதில்: இரத்தம் கெடவில்லை. முதலில் அந்தக் களிம்பு டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. என்னிடம் வருகிறவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். அரிப்புக்குக் காரணம் பூஞ்சைத் தொற்று என்றால், அது பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். இடுக்கில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து வரி வரியாகத் தழும்பும் விழும். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். பூஞ்சைதான் என்று உறுதியானால், ஸ்டீராய்டு கலக்காத மருந்து தருவார். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், அவர் சொன்ன நாள்வரை தடவுங்கள்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் பிறப்புறுப்புப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்; இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மாத்திரைகள் அவை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பல மாதங்கள் சொறிந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். சிறுநீர் கழித்ததும் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். அந்த இடத்தில் வீக்கமும் கடும் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்து தடவியும் திரும்பத் திரும்ப வந்தால், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பாருங்கள். அது எகிறிக் கிடந்தால் எந்தக் களிம்பும் நிலைக்காது.

சரி, கால் திட்டுகள். வலியோ அரிப்போ இல்லாமல், லேசாகக் குழிந்த பழுப்பு வட்டங்கள் என்றால் அவை சர்க்கரை நோயாளிகளுக்குச் சாதாரணமாக வருபவை, மருந்து தேவையில்லை. ஆனால் அவை உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பும் சேர்ந்து இருப்பதுண்டு. ஆகவே அந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். திட்டு புண்ணானாலோ மஞ்சளாகிப் பளபளத்தாலோ காட்டிவிடுங்கள். கால் வறண்டிருந்தால் குளித்ததும் ஈரப்பதக் கிரீம் தடவலாம், விரலிடுக்கை மட்டும் விட்டுவிட்டு.